‘பெத்தவரே’ என்று கூப்பிடும் உரிமை

பதினெட்டாம் நூற்றாண்டு முடிகிற நேரம். மயிலாடியிலிருந்து மகாராசன் என்பவர் தன் உறவுக்கார இளைஞர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துக்குப் புறப்பட்டார். இன்று கல் சிற்ப வேலைக்குப் பேர்போன அதே மயிலாடிதான். அன்று அது திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. மகாராசன் சாம்பவர். பெயர்தான் மகாராசன், எந்தச் சாதிக்காரர் எதிரே வந்தால் எத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்த ராஜ்யம் அது.

தமிழ் படித்த மாணவர்களுக்குத் திருநாளைப்போவார் கதை தெரியும். நாளை போவேன், நாளை போவேன் என்று ஏங்கிக் கிடந்த நந்தன், கடைசியில் சிதம்பரத்தில் தீக்குள் இறங்கி, வேறு உடம்போடு எழுந்த பிறகுதான் உள்ளே போக முடிந்தது என்று சேக்கிழார் பாடினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி அதையே கீர்த்தனைகளாக்கி ஊர் ஊராகப் பரவ வைத்தார். மகாராசனும் அதே சிதம்பரத்துக்குத்தான் போனார். தேடிப் போனது அங்கே அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் நெருப்பில் இறங்கவில்லை, திரும்பினார். வழியில் தஞ்சாவூரில் உறவினரைப் பார்க்கப் போன இடத்தில், கோல்ஹாஃப் என்ற மிஷனரி பேசுவதைக் கேட்டார். தங்கினார், கற்றார், ஞானஸ்நானம் பெற்றார். அங்கே அவருக்கு வைத்த பெயர் வேதமாணிக்கம்.

இந்தப் பெயரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வேதம் காதில் விழுந்தாலே குற்றம் என்று நூல்கள் எழுதி வைத்த நாட்டில், ஒரு பறையருக்கு வேதத்தின் மாணிக்கம் என்று பெயர். அவருடைய உடம்பை மாற்றிக்கொண்டு வரச் சொல்லவில்லை. அதே கறுத்த உடம்போடு, அதே சாம்பவராக, உனக்கு ஒரு தகப்பன் இருக்கிறார், அவர் உன் பெயரை அறிவார் என்று சொன்னார்கள். அதை அவர் நம்பினார். நம் மாவட்டத்துச் சேரிகளில் கிறிஸ்தவம் வேர் பிடித்த கதை இப்படித்தான் தொடங்குகிறது.

வேதமாணிக்கம் புத்தகங்களோடு ஊருக்குத் திரும்பினார். சொந்தக்காரர்களைக் கூட்டிவைத்துத் தான் கேட்டதைச் சொன்னார். எதிர்ப்பு வந்தது. குடும்பங்களை அழைத்துக்கொண்டு தஞ்சைப் பக்கமே போய்விடலாமா என்றுகூட யோசித்தார். பிறகு ஒரு மிஷனரியை அனுப்பும்படி கேட்டார். அப்படிக் கேட்ட பிறகுதான் பிரஷ்ய நாட்டைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806-ல் மயிலாடிக்கு வந்தார். கோயில் கட்ட அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. 1809-ல்தான் மயிலாடியில் கோயில் எழுந்தது. பள்ளியும் வந்தது. 1816-ல் ரிங்கல்தௌபே புறப்பட்டபோது பொறுப்பை ஒப்படைத்தது வேதமாணிக்கத்திடம்தான். அடுத்து வந்த மீட், தலைமையிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். அங்கே அவர் நடத்திய செமினரியின் தொடர்ச்சிதான் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி. இன்று அந்தக் கல்லூரிக்குப் பஸ் ஏறும் மாணவர்களில் எத்தனை பேருக்கு வேதமாணிக்கம் பெயர் தெரியும்?

வெள்ளைக்காரன் வந்து ஆள் பிடித்தான் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் போனவர் மயிலாடிக்காரர். அவர் போய்த் தேடிக் கண்டுபிடித்த பிறகு, அவர் கூப்பிட்டு வந்தவர் வெள்ளைக்காரர்.

‘அரிசிக் கிறிஸ்தவர்’ என்றொரு வசவு இருக்கிறது. சோற்றுக்கு மதம் மாறியவர்கள் என்று பொருள். தன்னிடம் வந்தவர்களில் பலர் உலக லாபத்தை எதிர்பார்த்து வந்தார்கள் என்று ரிங்கல்தௌபேயே அலுத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். மறைக்க ஒன்றுமில்லை. வரியும் அடியும் தாங்காத மக்கள், யாராவது தடுப்பார்களா என்று பார்த்து வந்தார்கள்தான். ஆனால் அடிபடுகிறவன், அடிக்கிற கையைத் தடுக்கும் கடவுளைத் தேடுவதில் ஆன்மிகம் குறைந்துவிட்டது என்று யார் முடிவு செய்தது? எகிப்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்த அடிமைகளின் கூக்குரலைக் கேட்டு இறங்கி வந்தவர் என்றுதான் பைபிளே அந்தக் கடவுளை அறிமுகம் செய்கிறது. வயிறு நிறைந்தவர்களின் பக்திக்கு மட்டும்தான் சுத்தம் என்ற சான்றிதழ் போலிருக்கிறது.

அந்த மக்களுக்கு இந்த உறவு என்ன செய்தது என்பதை அவர்கள் புழங்கிய சொற்களிலேயே பார்க்கலாம். திருவிதாங்கூரில் ‘ஊழியம்’ என்றால் அரசுக்கும் மேல்சாதிக்கும் கூலியில்லாமல் செய்கிற கட்டாய வேலை. கூப்பிட்டால் போக வேண்டும், மறுத்தால் அடி. ஞாயிற்றுக்கிழமையாவது ஊழிய வேலையிலிருந்து விலக்கு வேண்டும் என்பது அங்கே கிறிஸ்தவர்கள் வைத்த ஆரம்பக் கோரிக்கைகளில் ஒன்று. அதே சொல்தான் சபைக்குள் கடவுளின் பணியைக் குறித்தது. இன்றும் நம் ஊர்களில் பிரசங்கம் செய்கிறவர் ஊழியக்காரர். அவர் செய்வது ஊழியம். முதுகில் அடி வாங்கிக்கொண்டு செய்த வேலையின் பெயரை எடுத்து, தன் விருப்பத்தோடு செய்கிற பணிக்கு வைத்துக்கொண்டார்கள். யாருக்கு ஊழியம் என்ற கேள்விக்கு அவர்களிடம் ஒரு புதிய பதில் இருந்தது.

இன்னொரு சொல் ‘உபதேசியார்’. சேரியில் பிறந்த மனிதனை எண்பது வயதிலும் ‘ஏலே’ என்றுதான் மேல்தெருச் சிறுவன் கூப்பிட்டான். அவன் பெயருக்குப் பின்னால் ‘ஆர்’ விகுதி வைத்து யாரும் பேசியதில்லை. உபதேசியார் என்ற பதவி வந்தபோது அந்த விகுதி சேரிக்குள் வந்தது. அவர் படிக்கக் கற்றார், மற்றவர்களுக்குப் படித்துக் காட்டினார், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார், நோயாளியின் பாயருகே உட்கார்ந்து ஜெபித்தார், சாவு விழுந்தால் முன்னால் நடந்தார். சம்பளம் அற்பம். ஆனால் காலையில் எழுந்ததும் பண்ணையார் வீட்டு வாசலைத் தவிர வேறு ஒரு வேலை தனக்கு உண்டு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று, அந்த வாசலில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும்.

கூரை வீடுகளில் நடக்கும் ஜெபக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாத பெரியம்மா ஒருவர், நூறு நாள் வேலைச் சம்பளம் இன்னும் ஏறவில்லை என்பதில் தொடங்கி, குடிகார மகன், காலேஜில் சேர வேண்டிய பேத்தி, ஈற்று ஆடு என்று ஒன்று விடாமல் கடவுளிடம் சொல்லிக்கொண்டு போவார். தாலுகா ஆபீசில் ஒரு வரி பேசத் தயங்குகிற அதே வாய்தான். அங்கே இடையில் தரகர் இல்லை, மனு எழுதக் காசு இல்லை. கேட்கிறவர் சாதி கேட்பதில்லை.

ஆனால் அதே கடவுளின் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தஞ்சை அரசர் படையில் இருந்த ராஜநாயக்கன் என்ற பறையர், தரங்கம்பாடி அச்சில் வந்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டுப் பகுதிகளைப் படித்து, 1727-ல் லுத்தரன் சபையைத் தேடி வந்தார். பல ஊர்களில் சபைகளை வளர்த்தார். 1733-ல் முதல் தமிழ் குருவாகப் பட்டம் பெற்றவர் ஆரோன், அவர் வேளாளர். ராஜநாயக்கனைக் குருவாக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது, அவர் கையால் மற்ற சாதியார் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். கடைசிவரை அவர் உபதேசியாராகவே இருந்தார். நூறு ஆண்டு கழித்து, 1833-ல், சபைக்குள் சாதியை விட்டுவிட வேண்டும் என்று பிஷப் டேனியல் வில்சன் கடிதம் எழுதியபோது, தஞ்சாவூரில் பலர் சாதியை விடவில்லை, சபையைத்தான் விட்டார்கள்.

கத்தோலிக்கத் தரப்பிலும் கதை வேறல்ல. மதுரை மிஷனில் பிராமணருக்கும் மேல்சாதிக்கும் சந்நியாசி வேடத்தில் ஒரு சாமியார், மற்றவர்களுக்குப் பண்டார சாமியார் என்று பிரித்தே வைத்திருந்தார்கள். பக்கத்து மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கோயில், பீடத்தின் முன்னே இரண்டு கால்களாகப் பிரிந்து நிற்கிறது. வேளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம். ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே பூசையைக் காணலாம்! 1910-ல் தடுப்பை அகற்றியபோது அதை எதிர்த்து உயர் நீதிமன்றம்வரை வழக்கு போனது. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் பிணங்களையும் மற்றப் பிணங்களையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. எறையூரில் சம மரியாதையும் தனிப் பங்கும் கேட்ட தலித் கத்தோலிக்கர்கள் 2008 மார்ச்சில் தாக்கப்பட்டார்கள்; அப்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் மறுதரப்பில் இருவர் இறந்தார்கள். ஒரே ஜெபமாலையைக் கையில் வைத்திருந்த இரண்டு தெருக்கள்.

இந்த இடத்தில் ஒரு கேள்வியை இளைஞர்கள் அடிக்கடி நம்மிடம் கேட்கிறார்கள். அங்கேயும் சாதி, இங்கேயும் சாதி என்றால் எதற்கு இந்தக் கடவுள்? நியாயமான கேள்வி. அயோத்திதாசப் பண்டிதர் பௌத்தம் போனார், அம்பேத்கர் 1956-ல் லட்சக்கணக்கானோரோடு பௌத்தம் போனார். கிறிஸ்தவத்தில் தங்கிய தலித்துகள் ஏன் தங்கினார்கள்?

எழுத்தாளர் பாமாவின் வாழ்க்கை இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. ஏழைத் தலித் பிள்ளைகளுக்கு உதவலாம் என்று நம்பி அவர் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். மடம் பணக்காரப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாதி அங்கேயும் உட்கார்ந்திருந்தது. வெளியே வந்தார். 1992-ல் ‘கருக்கு’ வந்தது. பனை மட்டையின் இரண்டு பக்கமும் அறுக்கும் கருக்கைச் சொன்னவர், முன்னுரையில் பைபிளின் எபிரேயர் நிருபத்தில் வரும் இருபுறமும் கூர்மையான வாளையும் சேர்த்தே நினைத்தார். மடத்தை விட்டவர் அந்த வாளை விடவில்லை. அதை மடத்தின் பக்கமே திருப்பினார். அவருடைய அண்ணன் ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ இன்னும் கசப்பும் கிண்டலும் கலந்தது. தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும்.

இன்னொரு பதில் மதுரை அரசரடியில் கிடைத்தது. அங்குள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் ஜேம்ஸ் தியாபிலஸ் அப்பாவு. மாணவர்களுக்கும் கிராமத்து மக்களுக்கும் அவர் ‘பரட்டை’ அண்ணன். 2005-ல் மறைந்தார். சபைகளில் ஆங்கிலேய மெட்டில் ஞானப்பாட்டும் கர்நாடக ராகத்தில் கீர்த்தனையும் நடந்துகொண்டிருந்த காலத்தில், நாட்டுப்புற மெட்டில், பேச்சு மொழியில், ஆராதனை முறையே எழுதினார். பறையைக் கோயிலுக்குள் கொண்டுவந்தார். சாவு வீட்டுக் கருவி ஆலயத்துக்குள் வரலாமா என்று முகம் சுளித்தவர்களில், அந்தப் பறையை அடித்த கைகளின் பிள்ளைகளும் இருந்ததுதான் வேதனை.

கடவுளை அவர் அழைத்த விதம்தான் நமக்கு முக்கியம். பிதாவே என்ற பழகிய சொல்லை வைத்துவிட்டு, ‘பெத்தவரே’ என்றார். அதில் அப்பனும் உண்டு, ஆத்தாளும் உண்டு. ஆண், பெண் என்று பிரிக்க முடியாத சொல். சேரியில் சண்டை வந்தால், பசி வந்தால், அடி விழுந்தால் வாயில் வருகிற சொல். இயேசுவே தன் கடைசி இரவில் தோட்டத்தில் விழுந்து கதறியபோது ‘அப்பா’ என்றுதான் கூப்பிட்டார் என்று பைபிள் சொல்கிறது. அது அரமேய மொழிச் சொல்; காதுக்கு நம் சொல்லாகவே கேட்கிறது. கோயில் மொழியில் பேசாமல் வீட்டு மொழியில் கூப்பிட்டார்.

பெத்தவரே என்று ஒருவர் கடவுளைக் கூப்பிட்டால் அதற்குள் இரண்டு வழக்கு இருக்கிறது. நான் உன் பிள்ளை என்பது ஒன்று. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனும் உன் பிள்ளை என்றால், அவன் எப்படி எனக்குத் தனிச் சுவர் கட்டலாம் என்பது மற்றொன்று. பெற்றவர் ஒருவர் என்றால் உலையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். பரட்டை தன் இறையியலையே ‘ஒரே உலை’ என்ற எண்ணத்தின் மேல்தான் கட்டினார். கூடி ஆக்கி, கூடித் தின்பது. கோதுமை அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் ஒரே பாத்திரத்தில் வாங்கச் சாதி தடுத்ததே, அங்கே கை வைத்தார். அர்விந்த் நிர்மல் போன்றவர்கள் 1980-களில் பெங்களூரிலும் சென்னை குருகுலத்திலும் தலித் இறையியலாக ஆங்கிலத்தில் எழுதியதை, இவர் கிராமத்துப் பந்தலில் சோறு வடித்துக் காட்டினார் என்று சொல்லலாம்.

தங்கியவர்கள் ஏன் தங்கினார்கள் என்பதற்கு நாம் கண்ட பதில் இது. வீடு பங்கு வைக்க மறுக்கிற அண்ணன் தம்பிக்காக யாரும் பெற்றவரை விட்டுவிட்டுப் போவதில்லை. பெற்றவரைச் சாட்சிக்கு வைத்துத்தான் பங்கு கேட்கிறார்கள். தலித் மக்களுக்குச் சபைக்குள் அநீதி நடக்கிறது என்று 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை ஒரு கொள்கை ஆவணத்தில் வெளிப்படையாக ஒத்துக்கொண்டது. 2022-ல் தலித் ஒருவர், ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா, முதன்முறையாகக் கர்தினால் ஆனார். இதெல்லாம் தானாக வந்ததல்ல, கேட்டுக் கேட்டு வந்தது.

மிச்சமிருப்பது அரசு. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத யாரும் பட்டியல் சாதியாக மாட்டார் என்றது. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். பட்டியல் சாதிக்கான தனித் தொகுதியில் நிற்க முடியாது. வீடு புகுந்து சாதி சொல்லி அடித்தாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணைக்கு வராது. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சான்று கேட்டுவிட்டா அடிக்கிறான்?

சென்னையில் நடைபாதையில் செருப்புத் தைத்த ஒருவரின் வழக்கு 1985-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. செருப்புத் தைக்கும் ஆதிதிராவிடர்களுக்கு அரசு இலவசப் பெட்டிக்கடை கொடுத்தபோது, அவர் கிறிஸ்தவர் என்பதால் கிடைக்கவில்லை. மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்று காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்றது தீர்ப்பு. அதே நடைபாதை, அதே தோல், அதே ஊசி. இன்னொரு பக்கம், கிறிஸ்தவராக இருந்தவர் இந்துவாகத் திரும்பி, அவருடைய சாதியார் ஏற்றுக்கொண்டால், பழைய சாதி மீண்டும் உயிர்பெறும் என்றும் நீதிமன்றங்கள் சொல்லி வந்திருக்கின்றன. ஞானஸ்நானத் தண்ணீரில் சாதி கரைந்துவிட்டது என்றால், திரும்பும்போது அது எங்கிருந்து எழுந்து வருகிறது?

2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், உண்மையான நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் கூறியது. நம்பிக்கையோடு இருப்பவருக்குச் சட்டம் என்ன தருகிறது என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

இதன் விளைவு நம் தெருக்களில் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரே பிள்ளைக்கு இரண்டு பெயர். சபைப் பதிவேட்டில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மோசஸ், திங்கட்கிழமை முருகன். ஞானஸ்நானத்தைக் கல்யாணம்வரை தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. வேலை கிடைத்த பிறகு பார்க்கலாம் என்பவர்கள் உண்டு. இவர்களைக் கோழைகள் என்று பிரசங்கத்தில் திட்டும் போதகர்களைக் கேட்டிருக்கிறோம். ஸ்காலர்ஷிப் இல்லாமல் படிப்பு நின்றுபோகும் வீட்டில் போய் உட்கார்ந்து அந்தப் பிரசங்கத்தைச் செய்யட்டும். சிதம்பரம் வரை நடந்து, தஞ்சாவூரில் ஒருவர் வாங்கி வந்த பெயரை, இருநூறு ஆண்டு கழித்து அவர் வழி வந்தவர்கள் ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது.

2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு ஓர் ஆணையம் அமைத்தது. மதம் மாறிய தலித்துகளின் நிலையை ஆராய்வது அதன் வேலை. இரண்டு ஆண்டில் முடிந்திருக்க வேண்டிய பணிக்குக் கால நீட்டிப்புக் கொடுத்தார்கள். போதிய ஆதாரம் இல்லை என்று 1985-ல் சொன்ன பதிலை இன்னொரு முறை கேட்கும் நிலை நமக்கு வேண்டாம். ஆதாரம் நம் ஊர்களில்தான் கிடக்கிறது. கல்லறைக்குப் போகும் பாதை யாருக்கு எந்தப் பக்கம், திருவிழாத் தேர் எந்தத் தெருவில் திரும்பிவிடுகிறது, சபைக் கமிட்டியில் யார் பெயர் இருக்கிறது, டீக்கடையில் இன்றும் யாருக்குத் தனி டம்ளர் என்பதையெல்லாம் தேதியோடு எழுதி வைக்கலாம். விடுமுறைக்கு ஊருக்கு வரும் மாணவர்கள், கோயில் அலமாரியில் இருக்கும் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். முதல் பக்கத்தில் யார் யார் பெயர் இருக்கிறது, அதற்கு முன் அவர்களை எந்தப் பெயரால் கூப்பிட்டார்கள், முதல் உபதேசியார் யார் என்று தெருவில் மூத்தவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.